மூணு சுத்து

கொஞ்சம் அந்தப் பக்கம் ஒத்திக்கங்க அம்மிணி. இந்தப் பை காலடியில இருக்கட்டும், மிதிச்சுப் போடாதீங்க, உள்ளார ஸ்பேனரு. நீங்களும் பொள்ளாச்சிதானா? அப்பச் சரி. ஒரு மணி நேரம் ஒட்டுக்காத்தான் போகப் போறோம்.

ஒரே ஒரு சந்தேகம். படிச்ச புள்ளையாட்டம் தெரியறீங்க, அதான் கேக்கறேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல நோட்டுப் புத்தகம் விக்கற கடை ஏதாச்சும் இருக்குதுங்களா? கோடு போட்டது. நாப்பது பக்கம் போதும். இன்னியோட அந்தச் சோலி முடிஞ்சுரும், நாப்பது பக்கமே எச்சு.

நோட்டு எனக்கில்லைங்க. சுலோச்சனா டீச்சருக்கு.

எதுக்குச் சிரிக்கறீங்க? அட, சட்டையா? எங்கூட்டு மருமகளும் காலைல இதையேதான் கேட்டா. "மாமா, காருக்கு அடியில படுக்கப் போறீங்க, எதுக்கு வெள்ளைச் சட்டை, அதுவும் தேய்ச்சு?"ன்னு. வெள்ளையிலதான் அழுக்கு பளிச்சுனு தெரியும், தெரிஞ்சாத்தானே தொவைக்க முடியும்னேன். அப்பறம் பவுடரைப் பத்தியும் கேட்டா. அது வேர்வைக்குங்க.

என் பேரு வெள்ளியங்கிரி. சுந்தராபுரத்துல ஒர்க்‌ஷாப். இப்ப மகன்தான் பாத்துக்கறான். பழைய இங்கிலீஷ் கார் ஏதாச்சும் வந்தா மட்டும் நான் தொடுவேன். நாப்பது வருச சர்வீஸ். ஓடற இஞ்சின் மேல உள்ளங்கையை வச்சன்னா போதும், எங்க நோவுன்னு சொல்லிப் போடுவேன். பொஞ்சாதி போயி ஒம்பது வருசமாச்சு. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சும்மா சொன்னேன்.

அஞ்சு மாசத்துக்கு முன்னாடி பொள்ளாச்சியிலிருந்து ஒரு போன். மகாலிங்கபுரத்துல ரிட்டயர்டு டீச்சராம். கெமிஸ்ட்ரி. கல்யாணம் கட்டிக்கல, அப்பாவைப் பாத்துக்கிட்டே இருந்துட்டாங்க. அப்பா டாக்டரு. அவர் வச்சிருந்த ஐம்பத்தெட்டாம் வருசத்துக் காரு, பச்சைக் கலரு, அவர் போனதுக்கப்பறம் டீச்சரே ஓட்டறாங்களாம். "ஏனுங்ணா, கொஞ்ச நாளா வண்டி ஒரே ஆட்டமா ஆடுதுங்ணா. ஸ்டியரிங்கைப் புடிச்சா பல்லு கிட்டிக்குது. வந்து பாக்க முடியுமுங்களா?"ன்னு கேட்டாங்க.

போனேன். ஸ்டார்ட் பண்ணுங்கன்னேன். அப்பப்பா! பானட்டு மேல படுத்திருந்த பூனை தெறிச்சு ஓடிருச்சு. கியர் கம்பி சாமி வந்தாப்பல ஆடுது. நான் பெருசா ஒண்ணும் பண்ணலைங்க. அணைக்கச் சொல்லிட்டுக் குனிஞ்சேன், கையை விட்டேன். இஞ்சின் உக்கார்றதுக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் மெத்தை வச்சிருப்பாங்க. இடது பக்கத்து ரப்பரைப் புடிச்சிருக்கற நட்டு லூசு. விரல்லயே சுத்திப் பாத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு சுத்து லூசு. அவ்வளவுதான் நோவு! அஞ்சு நிமிசச் சோலி. முடுக்கிட்டு அடுத்த பஸ்ஸையே புடிச்சிருக்கலாம்.

சொல்றதுக்கு நிமிந்து வாயைத் தொறக்கறேன், டீச்சர் நோட்டோட நிக்கறாங்க. மேல தேதி போட்டாங்க. 'நோக்கம்: வண்டி ஏன் ஆடுகிறது என்பதைக் கண்டறிதல்' அப்படீன்னு எழுதினாங்க. அதுக்கடியில ஸ்கேல் வச்சு ஒரு கோடு. கோட்டைப் போட்டுட்டு, பேனாவைப் புடிச்சுக்கிட்டு, கண்ணாடிக்கு மேலாக்க என்னையே பாக்கறாங்க. "சொல்லுங்ணா."

அம்மிணி, நான் எட்டாவது பெயிலு. நான் சொல்றதை எழுதிக்கறதுக்கு ஒருத்தர் காத்துட்டு நின்னு என் ஆயுசுல பாத்ததில்ல. எம்பொஞ்சாதி நல்லவதான் பாவம், ஆனா நான் பேச ஆரம்பிச்சா அடுப்புல பாலு இருக்குதுன்னு போயிருவா. இங்க பேனா காத்துக்கிட்டு நிக்குது. நட்டுன்னு சொல்லத்தான் நெனச்சேன், சத்தியமா. "பல காரணம் இருக்கலாமுங்க டீச்சர், ஒவ்வொண்ணாத்தான் பாக்கணும்"னு வாய் பாட்டுக்குச் சொல்லிப் போடுச்சு. டீச்சர் அப்படியே எழுதினாங்க. பல காரணம்.

இதை நான் பெத்த மகன்கிட்டக்கூடச் சொல்லல. உங்களை மறுக்காப் பாக்கப் போறதில்லைங்கற தைரியத்துல சொல்றேன்.

அப்பறமென்ன, செவ்வாய்க்கிழமையானாப் பொள்ளாச்சி. மொத வாரம் பிளக்கு. ஓடற இஞ்சின்ல ஒவ்வொரு பிளக்கு ஒயராப் புடுங்கணும். எதைப் புடுங்கினா ஆட்டத்துல ஒரு மாத்தமும் இல்லையோ அந்த சிலிண்டருல கோளாறு. நாலையும் புடுங்கினேன், நாலும் ஜம்முனு இருந்துச்சு. இருக்கும்னு எனக்குத் தெரியாதா! அடுத்த வாரம் பேன் பெல்ட்டைக் கழட்டிட்டு ஓட்டிப் பாத்தோம். அதுக்கடுத்த வாரம் கார்பரேட்டரைப் பிரிச்சுக் கழுவினேன். அது கழுவ வேண்டியதே இல்ல, கண்ணாடியாட்டம் இருந்துச்சு. ஆனா டீச்சர் பக்கத்துல மோடா போட்டு உக்காந்து, இது என்ன, அது எதுக்குன்னு கேட்டுக் கேட்டுப் படம் வரைஞ்சாங்க. அம்பு போட்டுப் பேரெல்லாம் எழுதினாங்க. ஒரு கார்பரேட்டருக்கு மூணு மணி நேரம் ஆச்சு.

காபி டெஸ்ட்டைச் சொல்லாம விட்டுட்டனே. காபியைக் கொஞ்சம் ஆற விட்டா மேல ஆடை கட்டும் பாருங்க. அந்த டம்ளரை மட்கார்டு மேல வச்சுட்டு இஞ்சினை ஓட விடணும். ஆடை எப்படி அசையுதுங்கறதை வச்சே ஆட்டத்தை எடை போட்டறலாம். நானே கண்டுபுடிச்சது. ஒவ்வொரு தடவையும் காபி பூராத் தளும்பிக் கீழ ஊத்திரும், டீச்சர் இன்னொரு டம்ளர் போட்டுக் கொண்டாருவாங்க. ஒரே தடவை பாத்துட்டு முடிவுக்கு வரக்கூடாது, அறிவியல்ல அது தப்புன்னு அவியளே சொல்லிட்டாங்க.

ரெண்டாவது மாசம் ரோட்டு டெஸ்ட். நாப்பது மைல் வேகத்துல போயி கிளச்சை மிதிக்கணும். மேட்டுல இருந்து நியூட்ரல்ல உருட்டி விடணும். நியூட்ரல்ல ஆட்டம் நின்னாக் கோளாறு இஞ்சின்ல, நிக்கலைன்னா சக்கரத்துல. இதெல்லாம் நெசமான டெஸ்ட்டுங்க, பொய்யில்ல. அதுக்கு ஆழியாறு ரோடுதான் தோது, ரெண்டு பக்கமும் மரம், நல்ல நெழலு. டீச்சர் ஓட்டுவாங்க, நான் பக்கத்துல உக்காந்து கியர் கம்பி மேல கையை வச்சு ஆட்டத்தைப் பாத்துட்டே வருவேன். கியர் மாத்தும்போது கை பட்டுரும். அது அந்தக் காலத்து வண்டிங்க, இடம் பத்தாது.

ஆழியாறு போனா உடனே திரும்ப முடியாது. இஞ்சின் ஆறணும். ஆறின இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினாத்தான் சரியான ரிசல்ட் வரும். ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்துல அணைக்கட்டுக்குப் பக்கத்துல மீன் வறுவல் சாப்புடுவோம். டெஸ்ட்டுக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லதான், ஆனா வெறும் வயித்தோட எத்தனை நேரம் உக்கார்றது? டீச்சர் முள்ளெடுத்து ஓரமா அடுக்கி வைப்பாங்க பாருங்க, அளவெடுத்தாப்பல இருக்கும். ஒருக்கா எனக்கும் எடுத்துக் குடுத்தாங்க.

ஒரே ஒரு வருத்தம் உண்டு. மொத மாசம் வாய்க்கு வாய் 'ஏனுங்ணா, ஏனுங்ணா'ம்பாங்க. ஆழியாறு போயி வந்ததுக்கப்பறம் அந்த அண்ணாவைக் காணோம். வெறுமனே 'ஏனுங்க'. 'ஏனுங்க, காபி ஆறுது.' 'ஏனுங்க, சித்த இந்தப் பக்கம் வாங்க.' எங்க ஊருல ஆரு ஆரை அப்படிக் கூப்புடுவாங்க? வயசுல மூத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? கேட்டறலாமான்னு இருந்தேன். அப்பறம் பழகிப் போச்சு. இப்பக் கேக்கலைன்னாத்தான் என்னமோ மாதிரி இருக்குது.

நீங்க எதுக்கு இப்பச் சன்னல் பக்கம் திரும்பிக்கறீங்க? சரி, சரி.

டீச்சர் வெகுளிங்க அம்மிணி. சொன்னதை அப்படியே நம்பிருவாங்க. ஒருநா நோட்டைப் பொரட்டிட்டே, "அடியில இருக்கற ரப்பரையும் ஒருக்காப் பாத்தறலாமுங்களா?"ன்னு கேட்டாங்க. எனக்கு உசுரே போயிருச்சு. "அது... கடைசியில பாத்துக்கலாமுங்க டீச்சர்"னேன். 'கடைசியில்'னு எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டாங்க. போட்டுட்டுச் சிரிச்சாங்க வேற. ஒரு கேள்வி எதிர்க்கேள்வி இல்ல. இப்பேர்ப்பட்ட ஆளைப் போயி ஏமாத்தறமேன்னு அன்னைக்கு எனக்கு மனசு ரொம்பச் சங்கடமாப் போச்சு.

அதுக்குத்தான் அந்த ஸ்பேனர் செட்டைக் குடுத்தேன். இந்தக் காலத்து மில்லிமீட்டர் ஸ்பேனரு எதுவும் அந்த வண்டிக்குச் சேராது. போட்டா வழுக்கும், நட்டு முனை மழுங்கிரும். அதுக்குன்னு இங்கிலீஷ் சைஸ் தனியா இருக்குது. நான் தேடாத எடமில்ல, எனக்குத் தெரிஞ்சு இந்த வட்டாரத்துலயே ரெண்டு செட்டுத்தான். ரெண்டும் எங்கிட்ட இருந்துச்சு. ஒண்ணைத் துடைச்சு, எண்ணெய் போட்டு, சரிகைத் தாள்ல சுத்திக் குடுத்தேன். அன்னைக்கு டீச்சருக்குப் பொறந்தநாளாம். எனக்குத் தெரியவே தெரியாது, தற்செயலா அமைஞ்சது. கேக்குல பேரு மட்டும் நான் எழுதச் சொன்னேன்.

எப்படிப் புடிக்கறது, எந்தப் பக்கம் சுத்தினா முடுக்கும், எந்தப் பக்கம் சுத்தினாக் கழலும்னு பூராச் சொல்லிக் குடுத்தேன். ஒருக்காச் சொன்னாப் போதும், கப்புனு புடிச்சுக்குவாங்க.

இப்படியே போயிட்டிருந்திருக்கும். போன வாரம் வந்துச்சு பாருங்க வினை. மெட்ராசுல டீச்சருக்கு ஒரு தம்பி, ரவீந்திரன்னு. "காரை வித்துப் போட்டு, வீட்டைப் பூட்டிட்டு எங்கூடவே வந்துரு அக்கா, தனியா இருந்து என்ன பண்றே?"ன்னு நிக்கறார். கொச்சியில ஒருத்தர் பழைய வண்டியா வாங்கிச் சேக்கறவராம், ஞாயித்துக்கிழமை மெக்கானிக்கோட வந்து பாக்கறாராம். வண்டி கைமாறிச்சுன்னா அடுத்த வாரமே டீச்சர் மெட்ராசு.

டீச்சர் இதைச் சொல்லும்போது மோடாவுல உக்காந்து நோட்டையே பாத்துட்டிருந்தாங்க. "ஆடற வண்டியை ஆரு வாங்குவாங்கன்னு சொல்லிச் சொல்லித்தான் அவனை இத்தனை நாளாத் தள்ளிட்டு வந்தேன். ஆட்டம் இருக்கற வரைக்கும் நான் எங்கயும் போக வேண்டியதில்ல. நின்னுட்டா..."ன்னு நிறுத்திட்டாங்க.

"நின்னுட்டா என்னங்க டீச்சர்?"னேன்.

"காபி ஆறுதுங்க"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

ரெண்டு பக்கமும் இடி. முடுக்கினா வண்டி போயிரும், வண்டியோட டீச்சரும் போயிருவாங்க. முடுக்கலைன்னா, வர்ற மெக்கானிக் குனிஞ்சு பாத்த அடுத்த நிமிசம், "இதைக் கண்டுபுடிக்கவா உங்காளுக்கு அஞ்சு மாசம் ஆச்சு?"ம்பான். டீச்சர் அந்த நோட்டை மொதல் பக்கத்துலருந்து பொரட்டுவாங்க. பிளக்கு, பெல்ட்டு, கார்பரேட்டரு, மீன் வறுவல், எல்லாம் பொய்யி. மெட்ராசு போனாலும் போகட்டும், என்னைப் பொய்யன்னு நெனச்சுட்டு மட்டும் போயிரக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன்.

வெள்ளிக்கிழமை போனேன். காபிக்கு உள்ள அனுப்பிட்டு அடியில படுத்தேன். மூணு சுத்து. சொன்னா நம்ப மாட்டீங்க, நாப்பது வருசத்துல ஒவ்வொரு சுத்துக்கும் நிறுத்தி நிறுத்தி நட்டு முடுக்கினது அன்னைக்குத்தான். வெளிய வந்து, காபியை ஆற வச்சு, டம்ளரை மட்கார்டு மேல வச்சேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஆடை அசையல. ஒரு சுருக்கம் விழல. ரெண்டு பேரும் அதையே பாத்துட்டு நின்னோம்.

"நின்னு போச்சுங்களே"ன்னாங்க டீச்சர். சந்தோசப்படுவாங்கன்னு பாத்தா முகம் சுண்டிப் போச்சு. "என்ன கோளாறுங்க?"

"கார்பரேட்டருல சின்னத் தூசிங்க."

'தூசி'ன்னு எழுதினாங்க. அதுக்கு மட்டும் கோடு போடல. அன்னைக்குத் திரும்பி வர்றப்ப பஸ்ல பாதி சீட்டு காலி. நான் உக்காரவே இல்ல, கம்பியைப் புடிச்சுட்டு நின்னுட்டே வந்து சேந்தேன்.

இப்பத்தான் கதையே! ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன். "ஏனுங்க, வண்டி மறுக்காவும் ஆடுதுங்க!"ன்னு. குரல்ல ஒரு துள்ளலு. அதிர்ச்சியில அப்படிப் போயிருச்சு போல. கொச்சிக்காரரு வந்தாராம், ஸ்டார்ட் பண்ணினாங்களாம், பூனை மறுபடியும் தெறிச்சு ஓடிருச்சாம். கூட வந்த மெக்கானிக் வெள்ளைப் பேண்ட்டு போட்டவராம், குனியவே இல்லையாம். போனை இஞ்சின் மேல வச்சாராம். போன்ல கோடு கோடா என்னமோ வந்துச்சாம். கிராங்க் ஷாப்டே போச்சு, இஞ்சினை மொத்தமாப் பிரிக்கணும்னுட்டாராம். கொச்சிக்காரரு டீ கூடக் குடிக்காம ஓட்டம் புடிச்சுட்டாராம். அதுக்குன்னு வந்திருந்த தம்பியும் மூஞ்சியைத் தூக்கிட்டு ரயிலேறிட்டாராம்.

இந்தக் கூத்தைக் கேட்டு நான் சிரிக்கறதா அழுகறதா? டீச்சர் போகல, அது ஒரு பக்கம். கோயில்ல தேங்கா உடைச்சேன், அதை மறைக்கல. ஆனா மானம்னு ஒண்ணு இருக்குதே! போனை வைக்கறதுக்கு முன்னாடி டீச்சர், "அதே நட்டுங்க, அதே மூணு சுத்து லூசு. செவ்வாய்க்கிழமை வந்துருவீங்கல்ல? நோட்டு வேற தீந்து போச்சு. கையெல்லாம் கிரீசு, போனைத் தோள்ல இடுக்கிட்டுப் பேசறேன், வச்சறட்டுங்களா?"ன்னுட்டு வச்சுட்டாங்க.

நான் முடுக்கின நட்டு ரெண்டே நாள்ல கழண்டிருச்சா? நாப்பது வருசத்துல அப்படி ஒரு பேச்சு உண்டா? ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. இந்தா, இதைப் பாருங்க. ரெட்டை நட்டு. ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டு இறுக்கிட்டா ஜென்மத்துக்கும் கழலாது. லேத்துல குடுத்துத் தனியாக் கடைஞ்சு வாங்கினேன். இன்னைக்கு இதைப் போட்டு முடுக்கி, அந்த ஆட்டத்துக்கு ஒரு முடிவு கட்டிட்டுத்தான் மறுசோலி.

ஆராச்சும் கழட்டியிருப்பாங்களோன்னா, அதுக்கும் வழியில்ல. நான்தான் சொன்னனே, இங்கிலீஷ் சைஸ் ஸ்பேனரு இல்லாம அந்த நட்டு ஒரு மயிரிழை அசையாது. ஒரு செட்டு இந்தப் பையில இருக்குது. இன்னொண்ணு டீச்சர்கிட்டப் பத்திரமா இருக்குது. வேற ஆருகிட்டயும் கெடையாது. அப்ப எப்படித்தான் கழண்டிருக்கும்?

அம்மிணி. என்னாச்சு? எதுக்கு இப்படிச் சிரிக்கறீங்க? கண்ணுல தண்ணி வருது பாருங்க. பின் சீட்டுக்காரரு வேற எட்டிப் பாக்கறாரு. என்னன்னு சொல்லிட்டுச் சிரிங்க.

"நட்டுன்னு டீச்சருக்கு ஆரு சொன்னது"ன்னா கேக்கறீங்க?

நான்தான்... இல்லையே. நான் தூசின்னுதானே சொன்னேன்.

மூணு சுத்துன்னு... அது நான் மனசுக்குள்ள எண்ணினது. வாயே தொறக்கலையே.

அந்தத் தண்ணி பாட்டிலைச் சித்தக் குடுங்க.

அட கெரகமே. 'கடைசியில்'. ரெண்டு கோடு போட்டாங்களே அம்மிணி! போட்டுட்டுச் சிரிச்சாங்களே! அப்ப அன்னைக்கே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா மூணு மாசம் காபி போட்டாங்க? தெரிஞ்சுக்கிட்டா நியூட்ரல்ல உருட்டினாங்க? நான் அடியில படுத்துப் பண்ணினதை உள்ள இருந்து பாத்திருக்காங்க. பாத்துட்டு, என்ன கோளாறுங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. அறுபத்தி ரெண்டு வயசுல, சரிகைத் தாள்ல சுத்தி, கழட்டறது எப்படின்னு நானே பாடம் நடத்தியிருக்கேன்! கெமிஸ்ட்ரி டீச்சர் காருக்கு அடியில படுத்து... அந்தப் பருத்திச் சேலையோட... அய்யோ சாமி.

இருங்க, இருங்க. அப்ப மொத நாளு? அதையும் அவியளேவா கழட்டி வச்சாங்க? இல்ல, இல்ல. அப்ப ஏது ஸ்பேனரு? அது தானாக் கழண்டது. அது ஒண்ணுதான் தானாக் கழண்டது.

எனக்கென்னமோ பண்ணுது அம்மிணி. இல்ல இல்ல, நோவில்ல. சிரிப்பா அழுகையான்னே தெரியல. வெகுளி வெகுளின்னு நான் ஆரைச் சொல்லிட்டு வந்தேன்? நீங்க எப்பக் கண்டுபுடிச்சீங்க? மீன் வறுவல்லயேவா! சொல்லித் தொலைச்சிருக்கலாமுல்ல?

தா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. எந்திரிங்க, நானும் எறங்கறேன். காலரு சரியா இருக்குதுங்களா? பவுடரு திட்டுத்திட்டா இல்லையே? இந்தாங்க, கையை நீட்டுங்க. இந்த ரெட்டை நட்டை நீங்களே வச்சுக்கங்க. வச்சுக்கங்கன்னா! எனக்கு வேண்டாம். ஒத்த நட்டே போதும். இன்னைக்கே ரெண்டு பேருமாச் சேந்து முடுக்கிருவோம். மறுக்காக் கழண்டாலும் பரவால்ல, அதுக்குன்னு சுந்தராபுரத்துல இருந்து பஸ்ஸேறி வர்ற மாதிரி இனி நான் வச்சுக்கப் போறதில்ல. இன்னைக்குக் கேட்டுப் போடறேன். நோட்டுல நோக்கம்னு மேல போட்டு, இந்தத் தடவை நானே எழுதிக் குடுக்கறேன். எழுத்து கோணலாத்தான் வரும், வந்துட்டுப் போகட்டும்.

ஏனுங்க அம்மிணி, ஓடாதீங்க, அந்தக் கடை எங்கன்னு சொல்லவே இல்லையே. நாப்பது பக்கமெல்லாம் பத்தாது, இருநூறு பக்க நோட்டு வேணும்.